பழைய மண்ணரணைத் தோண்டாமல் அளப்பது எப்படி

முதலில், நீங்கள் கண்ட மேடும் பள்ளமும் தேயிலைத் தோட்டத்து வடிகாலான கான்தானா என்று பாருங்கள். தோட்டத்துக் கான் மலைச்சரிவைக் குறுக்கே தழுவி, இலேசான சாய்வில், அடுக்கடுக்காக ஓடும். வெட்டிய மண் பள்ளத்துப் பக்கம் கிடக்கும். காவல் அரணோ கணவாயையோ மலைமுதுகையோ மறிக்கும். அகழி எதிரி ஏறிவரும் பக்கம் இருக்கும். இலங்கையின் கண்டி இராச்சியம் கணவாய்களையே நம்பியிருந்தது. 1594இல் கண்டிக்கு அருகே தந்துரேயில் போர்த்துக்கேயப் படை அழிந்ததற்கு, உள்ளே வந்தவர்கள் வெளியேற வழியின்றிச் சிக்கியதும் ஒரு காரணம்.

காலை வெயில் சாய்வாக விழும்போது போங்கள். உச்சி வெயிலில் மேடு தெரியாது. 30 மீற்றர் நாடா, சில கம்புகள், நூல், மேசன்மார் பிடிக்கும் நீர்மட்டக் குழாய் போதும். அகழியின் வெளிக்கரையிலிருந்து மேட்டின் உட்புறம் வரை நூலை மட்டமாகக் கட்டி, 50 சென்றிமீற்றருக்கு ஒருமுறை நூலிலிருந்து தரைக்கு உள்ள ஆழத்தைக் குறியுங்கள். குழாயில் காற்றுக்குமிழி இருந்தால் மட்டம் பிழைக்கும். நீள நூல் நடுவில் தொய்யும். 5 மீற்றருக்கு ஒரு கம்பு நடுங்கள், ஆனால் அரணுக்கு வெளியே மட்டும். மேட்டில் நூலை ஒருவர் கையால் தாங்கட்டும்.

மானாப்புல்லைப் பிடுங்காதீர்கள், மண் சரியும். 1815 மார்ச் 2க்கு முந்தியவை தொல்பொருள் சட்டத்தின் கீழ் வரும். மண்வெட்டி வேண்டாம். ஓடு கிடைத்தால் படமெடுத்து, இடத்திலேயே விட்டு, தொல்பொருள் திணைக்களத்துக்கு அறிவியுங்கள். அட்டை கடிக்காமலிருக்கக் காலில் சவர்க்காரம் பூசிக்கொள்ளுங்கள்.