பிரிட்டனில் டியூக், வைகவுண்ட் போன்ற ஒரு பரம்பரைப் பிரபுப் பட்டம் யாருக்கு இறங்கும் என்று கண்டுபிடிப்பது எப்படி?

கொடிவழியிலிருந்து தொடங்காதீர்கள். அரசர் பட்டத்தை வழங்கிய சாசனத்தை முதலில் பாருங்கள். லெட்டர்ஸ் பேடன்ட் என்பார்கள். பட்டம் எந்த வழியில் இறங்கும் என்று அதில் ஒரு வரி இருக்கும். அதைப் படிக்காமல் மாதக்கணக்கில் தேடினாலும் உழைப்பு வீண். பெரும்பாலும் 'சட்டப்படி பிறந்த ஆண் வாரிசுகள்' என்றிருக்கும். அப்படியென்றால் ஆண்வழிப் பங்காளிகளுக்கு மட்டுமே பட்டம். மகள் வயிற்றுப் பேரனுக்கு இல்லை.

விலக்கும் உண்டு. 1702இல் மார்ல்பரோ டியூக் ஆன ஜான் சர்ச்சிலுக்கு எஞ்சியிருந்த ஒரே மகன் மறு ஆண்டே இறந்துபோனான். மகள்கள் வழியாகவும் பட்டம் இறங்கலாம் என்று 1706இல் நாடாளுமன்றமே சட்டம் செய்தது. 1722இல் மூத்த மகள் ஹென்ரியெட்டாவுக்கு வந்தது. அவருடைய மகன் அவருக்கு முன்பே இறந்துவிட்டதால், 1733இல் தங்கை ஆன் என்பவரின் மகன் சார்லஸ் ஸ்பென்சருக்குப் போனது. சாசன வரியை மட்டும் நம்பாமல், பின்னால் வந்த சட்டங்களையும் பார்க்கச் சொல்வது இதனால்தான்.

இனி, முதலில் பட்டம் பெற்றவரிடமிருந்து கீழே இறங்குங்கள். மூத்த மகன் தகப்பனுக்கு முன்பே இறந்திருந்தால், பட்டம் அந்த மூத்தவரின் மகனுக்குத்தான். உயிரோடிருக்கும் இளைய மகனுக்கு அல்ல. அதிகம் தவறு நேர்வது இங்கேதான். மூத்தவரின் கிளை முழுவதும் அற்ற பிறகே அடுத்த கிளைக்குப் போக வேண்டும். தகப்பன் ஒருவராக இருந்தால் போதும், தாய் வேறாக இருந்தாலும் ஆண்வழி முறியாது.

ஒவ்வொரு கண்ணிக்கும் பிறப்பு, பெற்றோர் திருமணம், இறப்பு என்று மூன்று சான்றுகள் வேண்டும். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் அரசுப் பதிவு தொடங்கியது 1837 ஜூலை 1 அன்று. அதற்கு முந்தையவற்றுக்குத் தேவாலயப் பதிவேடுகள்தான். அவற்றில் பெரும்பாலும் இருப்பது ஞானஸ்நான நாள், பிறந்த நாள் அல்ல.

திருமண நாளையும் பிள்ளையின் பிறந்த நாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். கல்யாணமாகி ஒரு வாரத்தில் பிறந்த பிள்ளைக்கும் உரிமை உண்டு. கல்யாணத்துக்கு ஒரு நாள் முன்பு பிறந்தால், பெற்றோர் பிறகு மணந்துகொண்டாலும் இங்கிலாந்துப் பட்டம் கிடைக்காது. ஸ்காட்லாந்துப் பட்டங்களுக்கு விதி வேறு. தத்துப் பிள்ளைக்குப் பட்டம் இறங்காது.

சான்றுகள் சேர்ந்ததும் லார்ட் சான்சலர் என்னும் அமைச்சருக்கு விண்ணப்பிக்க வேண்டும். 2004இல் ஏற்பட்ட, பிரபுப் பட்டம் உடையவர்களின் அரசுப் பேரேட்டில் பெயர் ஏறாதவரை, அரசு ஆவணங்களில் அந்தப் பட்டத்தால் குறிப்பிட மாட்டார்கள்.

பட்டம் வேண்டாம் என்பவர் அது தமக்கு வந்த 12 மாதத்துக்குள் துறக்கலாம். 1963ஆம் ஆண்டுச் சட்டம் அதற்கு வழிவிடுகிறது. துறந்தவரோடு பட்டம் அழிவதில்லை. அரசியல்வாதி டோனி பென் 1963இல் துறந்த ஸ்டான்ஸ்கேட் வைகவுண்ட் பட்டம், 2014இல் அவர் இறந்ததும் மூத்த மகனுக்கு வந்தது.