குரோமில் மெமரி லீக்: யார் விடாமல் பிடித்திருப்பது?

காலையில் திறந்த வெப் ஆப் மாலைக்குள் திணறுகிறது, ரீலோட் செய்தால் சரியாகிவிடுகிறது என்றால் மெமரி லீக், அதாவது தேவை முடிந்தும் விடுபடாமல் தங்கும் மெமரி, என்று சந்தேகிக்கலாம். பயன்படாத மெமரியைத் தானே விடுவிக்கும் கார்பேஜ் கலெக்டர் கெட்டிக்காரர்தான். ஆனால் இன்னும் உயிரோடிருக்கும் இடம் ஒன்றிலிருந்து ஒரே ஒரு ரெஃபரன்ஸ் (ஆப்ஜெக்டைச் சுட்டும் இணைப்பு) எட்டினாலும் அந்த ஆப்ஜெக்டைத் தொடமாட்டார். அந்த ரெஃபரன்ஸைத்தான் தேட வேண்டும்.

எக்ஸ்டென்ஷன்கள் கணக்கில் கலக்காதபடி இன்காக்னிட்டோவில் திறங்கள். சந்தேகப்படும் செயலை, மோடலை (பக்கத்தின் மேல் எழும் பெட்டி) திறந்து மூடுவது என்று வைத்துக்கொள்வோம், ஒருமுறை செய்துவிடுங்கள். முதல் தடவை நிரம்பும் கேஷ் (மறுபடி பயன்படுத்தச் சேமித்துவைக்கும் தரவு) லீக் கணக்கில் வராது. பிறகு குரோமிலேயே இருக்கும் டெவலப்பர் கருவியான டெவ்டூல்ஸின் மெமரி டேபில் ஹீப் ஸ்னாப்ஷாட் (அந்த நொடியில் மெமரியில் உள்ள ஆப்ஜெக்டுகளின் பட்டியல்) ஒன்று எடுங்கள். அதே செயலை 7 முறை செய்துவிட்டு இன்னொன்று. ஏன் 7? பகா எண். இரண்டையும் ஒப்பிடும் கம்பேரிசன் பார்வையில் டெல்டா (ஆப்ஜெக்ட் எண்ணிக்கையில் வித்தியாசம்) 7, 14, 21 என்று நின்றால் தற்செயலாக இருக்காது.

ஃபில்டரில் 'டிட்டாச்ட்' என்று தட்டினால், பக்கத்திலிருந்து நீக்கியும் சாகாத டாம் நோடுகள் (பக்கத்தின் உறுப்புகள்) வரும். ஒன்றைச் சொடுக்கி, கீழே அதைப் பிடித்திருப்பவற்றைக் காட்டும் ரீடெய்னர்ஸ் சங்கிலியில் டிஸ்டன்ஸ் குறையும் திசையில் போங்கள். உங்கள் கோடில் பார்த்த பெயர் ஒன்று வந்ததும் நில்லுங்கள். ஷாலோ சைஸைப் பார்த்து ஏமாறவேண்டாம். அது ஆப்ஜெக்டின் சொந்த அளவு மட்டுமே. அது போனால் எவ்வளவு விடுபடும் என்பதை ரீடெயின்ட் சைஸ் சொல்லும். பொடி குளோஷர் (வெளி மாறிகளைப் பிடித்துவைக்கும் ஃபங்ஷன்) ஒன்று பல எம்பியைக் கட்டிவைத்திருக்கும்.

அடிக்கடி சிக்குவது விண்டோவில் போட்ட லிசனர் (கிளிக் போன்ற நிகழ்வு நடந்தால் ஓடும் ஃபங்ஷன்). நீக்கத்தான் செய்தேனே என்பார்கள். ஆனால் போடும்போது ஓர் ஆரோ ஃபங்ஷன் (அந்த இடத்திலேயே சுருக்கமாக எழுதும் ஃபங்ஷன்), நீக்கும்போது அதேபோல் புதிதாக எழுதிய இன்னொன்று. எழுத்து ஒன்றானாலும் ஆப்ஜெக்ட் வேறு, எனவே எதுவும் நீங்காது, எரரும் வராது. பைண்ட் செய்தாலும் இதே கதை, ஒவ்வொரு முறையும் புது ஃபங்ஷன் பிறக்கும். அபார்ட் கண்ட்ரோலரின் சிக்னலை எல்லா லிசனர்களுக்கும் கொடுத்துவிட்டால், மோடல் மூடும்போது ஒரே அபார்ட் போதும், எல்லாம் நீங்கிவிடும். நிறுத்தாத செட்இன்டர்வெல் (குறித்த இடைவெளியில் திரும்பத் திரும்ப ஓடும் டைமர்) அடுத்த சந்தேக நபர்.

கன்சோலில் அச்சிட்ட ஆப்ஜெக்டையும் டெவ்டூல்ஸ் பிடித்துவைக்கும். லாக்கை அழிக்காமல் எடுத்த ஸ்னாப்ஷாட் இல்லாத லீக்கைக் காட்டும்.

திருத்தியபின் மறுபடி 7 முறை. டெல்டா 0 ஆகியும் டேப் வீங்கினால், குரோமின் டாஸ்க் மேனேஜரில் ஜாவாஸ்கிரிப்ட் மெமரி என்ற நெடுவரிசையைச் சேர்த்துப் பாருங்கள். அது அசையாமல் மொத்த மெமரி மட்டும் ஏறினால், படங்களையும் கேன்வாஸையும் துருவுங்கள்.