ஓடையிலிருந்து படுதா விரித்த குளத்துக்கு மோட்டார் இல்லாமல் எவ்வளவு தண்ணீர் வரும்?

கம்பம், போடிப் பக்கமிருந்து வண்டன்மேட்டுக்குப் போய் ஏலத்தோட்டம் பார்ப்பவர்கள் கருப்பு ஓஸ் வாங்கும் முன் இந்தக் கணக்கைப் போட்டே ஆக வேண்டும். அடுக்கு (^) போடக்கூடிய கால்குலேட்டர் போதும்.

முதலில் உயரம். ஓடையில் நீர்மட்டத்துக்கும் ஓஸ் விழும் வாய்க்கும் உள்ள வித்தியாசம் மட்டும்தான் கணக்கு. போன் ஆப்பை நம்பாதீர்கள், பல மீட்டர் தள்ளிக் காட்டும். கொத்தனார் மட்டம் பார்க்க வைத்திருக்கும், நீர் நிரப்பிய டியூப் லெவலைப் பிடித்துப் படிப்படியாக இறங்குங்கள், நேரம் பிடிக்கும், ஆனால் சரியாக இருக்கும். 20 மீட்டர் இறக்கம், 400 மீட்டர் ஓஸ் என்று வைத்துக்கொள்வோம். 20-ஐ 400-ஆல் வகுத்தால் சரிவு 0.05.

அடுத்தது ஓஸின் விட்டம். பெரும்பாலோர் சறுக்குவது இங்கேதான். கடையில் 50 மில்லிமீட்டர் எச்டிபிஇ (கெட்டிப் பிளாஸ்டிக் ஓஸ்) என்று சொல்வது வெளிவிட்டம். சுவர் 4 மில்லிமீட்டர் தடிமன் என்றால் இரண்டு பக்கமும் கழித்து உள்ளே 42தான். எட்டு மில்லிமீட்டரில் என்ன வந்துவிடப் போகிறது என்று விட்டுவிடாதீர்கள், ஹேசன்–வில்லியம்ஸ் சூத்திரத்தைப் பாருங்கள்:

ஓட்டம் = 0.2785 × சி × உள்விட்டம்^2.63 × சரிவு^0.54

விட்டம் மீட்டரில், விடை நொடிக்குக் கனமீட்டரில். சி என்பது ஓஸின் உட்புறம் எவ்வளவு வழவழப்பு என்பதைக் காட்டும் எண், பிளாஸ்டிக்குக்கு 140 போடலாம். உள்விட்டம் 0.050 என்று போட்டால் நிமிடத்துக்குச் சுமார் 176 லிட்டர் வரும், 0.042 போட்டால் 111 லிட்டர்தான். குளம் நிறைய ஒரு ராத்திரியா, ஒன்றரை ராத்திரியா என்பது இதில் இருக்கிறது. அதனால் கடைக்கு வெர்னியர் காலிப்பர் கொண்டுபோய் வெட்டுமுனையில் அளந்து பார்த்து வாங்குங்கள்.

போட்டு முடித்ததும் 200 லிட்டர் டிரம்மைப் பிடியுங்கள், 111 லிட்டர் என்றால் 1 நிமிடம் 48 நொடியில் நிறைய வேண்டும். வளைவு, வடிகட்டியில் கொஞ்சம் போகும், பத்து சதவீதம் குறைந்தால் கவலை வேண்டாம். ரொம்பக் குறைந்தால் ஓடையிலேயே அவ்வளவு நீர் இருக்கிறதா என்று பாருங்கள்.

வாய்க்காலுக்கு வேறு சூத்திரம், மேனிங்:

வேகம் = (1 ÷ என்) × ஆர்^(2/3) × சரிவின் வர்க்கமூலம்

‘என்’ என்பது வாய்க்காலின் சொரசொரப்பைக் காட்டும் எண். ஆர் என்பது நீரின் குறுக்குப் பரப்பை, நீர் தொடும் சுவர் நீளத்தால் வகுத்தது. மேலே திறந்த பக்கத்தைச் சேர்க்கக் கூடாது. அரை மீட்டர் அகலம், 20 சென்டிமீட்டர் ஆழம் நீர் என்றால் பரப்பு 0.1, தொடும் நீளம் 0.5 + 0.2 + 0.2 = 0.9, ஆர் 0.111. 500-க்கு 1 சரிவில் சிமெண்ட் வாய்க்காலுக்கு ‘என்’ 0.015 போட்டால் வேகம் நொடிக்கு 0.69 மீட்டர், அதைப் பரப்பால் பெருக்கினால் ஓட்டம் நொடிக்கு 69 லிட்டர். புல் மண்டிய மண் வாய்க்காலுக்கு 0.030, ஓட்டம் நேர்பாதி. வாய்க்காலைச் செதுக்கி வைப்பதற்கு இதைவிடக் காரணம் வேண்டுமா? 1895 முதல் மலையைக் குடைந்து கம்பம் பள்ளத்தாக்குக்கு வரும் பெரியாற்றுத் தண்ணீரும் இந்த இறக்கத்தை நம்பித்தான் வருகிறது.

பிறகு சேர்த்தது: கணக்கு சரி, தண்ணீர் மட்டும் வரவில்லை என்று சிலர் கேட்டார்கள். வழியில் ஓஸ் மேடேறி இறங்கினால் அந்த மேட்டில் காற்று அடைத்துக்கொள்ளும். மேட்டின் உச்சியில் ஒரு டீ (T வடிவ இணைப்பு) வைத்துச் சின்ன வால்வு போட்டு, நீர் விடும்போது காற்று போகும் வரை திறந்து வையுங்கள். மேடு ஓடையின் நீர்மட்டத்தைவிட உயரமாக இருந்தால் வால்வு உதவாது, ஓஸை வேறு வழியாகச் சுற்றிக்கொண்டுதான் போக வேண்டும்.