பழைய ஆம்னிக்குப் புது பிளக்

என்னுடையது கார்புரேட்டர் வைத்த பழைய மாருதி ஆம்னி. மூன்று சிலிண்டர், அவற்றில் பெட்ரோலைப் பற்றவைக்க மூன்று ஸ்பார்க் பிளக். எஞ்சின் முன் சீட்டுக்கு அடியிலேயே இருக்கிறது. நன்றாக ஆறிய பிறகு கை வையுங்கள்.

கடையில் பழைய பிளக்கை நீட்டி "இதே மாதிரி" என்று கேட்காதீர்கள். முன்பு மாட்டியவர் எதை மாட்டினாரோ! வண்டிக் கையேட்டில் உள்ள எண்ணைச் சொல்லி வாங்குங்கள். என்ஜிகே கம்பெனியின் 'பிபிஆர்6இஎஸ்' என்பதில் 6 வெப்ப எண். அது கூடினால் பிளக் சூட்டைச் சீக்கிரம் கடத்தும். பாஷ் கம்பெனி பிளக்கில் இது அப்படியே தலைகீழ். என்ஜிகே எண்ணின் கடைசியில் '-11' இருந்தால், நடுக்கம்பிக்கும் வெளிக்கம்பிக்கும் நடுவே பொறி பறக்கும் இடைவெளி 1.1 மி.மீ.; என் வண்டிக்கு அது ஆகாது, 0.8 போதும்.

இடைவெளி அளக்கும் மெல்லிய தகடுகளின் கட்டுதான் ஃபில்லர் கேஜ்; அதன் 0.8 தகடு லேசாக உரசிக்கொண்டு நுழைய வேண்டும். வெளிக்கம்பியை மட்டும் வளையுங்கள். நடுக்கம்பியை நெம்பினால் பீங்கான் விரிசல் விடும்.

வயர்களை ஒவ்வொன்றாகக் கழற்றி மாட்டுங்கள், மாறாது. அப்புறம் முக்கியமானது: பிளக்கை முதலில் கையாலேயே திருகுங்கள். ஒருமுறை அவசரத்தில் நேராக ஸ்பேனர் போட்டு மரையைக் கெடுத்துவிட்டு, எஞ்சினின் மேல்பாகமான ஹெட்டைக் கழற்றி லேத்துக்குத் தூக்கிக்கொண்டு அலைந்தேன். கையால் இறுகியதும், புது வாஷருக்கு அரைச் சுற்றிலிருந்து முக்கால் சுற்றுக்குள் நிறுத்துங்கள்.