பைபாஸ் தேதி தள்ளிப்போகும்போது நாம் செய்யும் தவறுகள்

போன மாதம் எங்கள் தெருவில் ஒரு வீட்டுக்குப் போயிருந்தேன். அந்த வீட்டுப் பெண்ணின் கணவருக்கு இதயத்தில் மூன்று அடைப்பு. பைபாஸ் தேதி இரண்டாவது முறையாகத் தள்ளிப்போயிருந்தது. பேசிக்கொண்டே மாத்திரை டப்பாவைத் திறந்து பார்த்தேன். ஒரு அட்டை மட்டும் பாதியில் நின்றிருந்தது. "ஆபரேஷனுக்காக நிறுத்தச் சொன்னாங்கக்கா. அடுத்த தேதி வந்தா மறுபடியும் நிறுத்தத்தானே சொல்வாங்க, இடையில எதுக்குன்னு விட்டுட்டேன்" என்றாள். எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. ஏழு வருஷத்துக்கு முன்னால் இதே வார்த்தையை நானும் சொல்லியிருக்கிறேன்.

என் கணவரின் பைபாஸ் நான்கு முறை தள்ளிப்போனது. முதல் தேதியிலிருந்து ஆபரேஷன் முடிந்த நாள்வரை பதினோரு வாரம். அதற்கப்புறம் சொந்தத்திலும் தெருவிலும் யாருக்கு இதய ஆபரேஷன் என்றாலும் துணைக்குப் போய்க்கொண்டிருக்கிறேன். நான் மருத்துவம் படித்தவள் இல்லை. ஃபைலைத் தூக்கிக்கொண்டு அலைந்ததில் தெரிந்துகொண்டதைத்தான் எழுதுகிறேன். சிகரெட்டை விடுவது, உப்பைக் குறைப்பது எல்லாம் எல்லோரும் சொல்வார்கள். அதற்குள் போகவில்லை.

நிறுத்திய மாத்திரையை அப்படியே விட்டுவிடுவது

இதைத்தான் விரிவாகச் சொல்ல வேண்டும். எங்களுக்கு அதிக இழப்பு இதில்தான்.

அடைப்பு உள்ளவர்களுக்கு ரத்தம் உறையாமல் இருக்கப் பெரும்பாலும் இரண்டு மருந்து கொடுப்பார்கள். ஒன்று ஆஸ்பிரின், இன்னொன்று குளோபிடோகிரெல் போன்றது. குளோபிடோகிரெல் ரத்தத்தை உறைய வைக்கும் தட்டணுக்களைச் செயல்படவிடாமல் செய்கிறது. அந்தத் தட்டணு இருக்கும்வரை அது திரும்ப வேலை செய்யாது. உடம்பு புதிதாக உற்பத்தி செய்தால்தான் உண்டு. அதனால்தான் ஆபரேஷனில் ரத்தம் நிற்காமல் போய்விடக் கூடாது என்று வழக்கமாக 5 நாள் முன்பே நிறுத்தச் சொல்கிறார்கள். ஆஸ்பிரினைப் பெரும்பாலும் நிறுத்தச் சொல்வதில்லை.

எங்களுக்கு வியாழக்கிழமை ஆபரேஷன். சனிக்கிழமையிலிருந்து நிறுத்தச் சொன்னார்கள், நிறுத்தினோம். புதன்கிழமை சாயங்காலம் வார்டில் வந்து, அவசர கேஸ் ஒன்று வந்துவிட்டது, அடுத்த வாரம் கூப்பிடுகிறோம் என்றார்கள். வீட்டுக்கு வந்தோம். மாத்திரையைத் திரும்ப எப்போது தொடங்குவது என்று அவர்களும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. அடுத்த வாரத் தேதியும் போனது, ஐசியுவில் படுக்கை இல்லை என்று. மாத்திரை நின்றது நின்றபடியே இருந்தது.

இதில் நான் கவனிக்காத இன்னொன்று உண்டு. என் கணவர் சாப்பிட்டது தனித்தனி மாத்திரை இல்லை. ஆஸ்பிரின், குளோபிடோகிரெல், கொழுப்புக்கான அட்டோர்வாஸ்டாட்டின் மூன்றும் சேர்ந்த ஒரே கேப்ஸ்யூல். நம் ஊரில் இது மிகச் சாதாரணமாக எழுதித்தரப்படுவது. ஒன்றை நிறுத்துவதாக நினைத்து மூன்றையும் நிறுத்திவிட்டேன். பத்தொன்பதாவது நாள் விடியற்காலை நாலு மணிக்கு அவருக்கு மாரடைப்பு வந்தது. மாத்திரையை விட்டதால்தான் வந்தது என்று டாக்டர் அடித்துச் சொல்லவில்லை. ஆனால் மாத்திரை டப்பாவைப் பார்த்துவிட்டு, "இத்தனை நாளாக ஏன்மா கொடுக்கவில்லை?" என்று கேட்டார். எனக்குப் பதில் வரவில்லை. அதுவரை எக்கோவில் (இதய ஸ்கேனில்) 55 சதவீதம் இருந்த இதயத்தின் பம்பிங் திறன் 40க்கு வந்துவிட்டது. அந்த இதயத்தோடுதான் ஆபரேஷனுக்குப் போனார்.

இன்றைக்கும் டிஸ்சார்ஜ் சீட்டுகளைப் பார்க்கும்போது கோபம் வருகிறது. நிறுத்த வேண்டிய தேதி தெளிவாக இருக்கும். தள்ளிப்போனால் என்ன செய்வது என்று ஒரு வரி இருக்காது. அந்த வரியை நாம்தான் கேட்டு வாங்க வேண்டும், அதுவும் நிறுத்தச் சொல்லும் அன்றைக்கே. "இந்த அட்டையில் என்னென்ன மருந்து இருக்கிறது, எதை மட்டும் நிறுத்தணும்? அதைத் தனியாக நிறுத்த மற்றதைத் தனி மாத்திரையாக எழுதித் தர முடியுமா? தேதி தள்ளிப்போனால் எப்போது திரும்பத் தொடங்கணும், யாரிடம் கேட்கணும்?" பதிலைச் சீட்டிலேயே எழுதித் தரச் சொல்லுங்கள். வாய்வார்த்தை போதாது. வீடு வந்து சேர்வதற்குள் மறந்துபோகும்.

அதற்காகப் பயந்துபோய் நீங்களாகவே தொடங்கிவிடவும் கூடாது. புதுத் தேதி இரண்டு மூன்று நாளில் இருந்தால், அந்த ஒரு மாத்திரையாலேயே திரும்பத் தள்ளிப்போகும். தள்ளிப்போனது என்று சொன்ன அன்றைக்கே, வார்டை விட்டு இறங்குவதற்கு முன் கேட்டுவிட வேண்டும்.

வால்வு ஆபரேஷனுக்குக் காத்திருப்பவர்கள் வார்ஃபரின், அசிட்ரோம் போன்ற, ரத்தம் உறையாமல் இருக்கக் கொடுக்கும் மருந்துகளுக்கும் இதே கேள்வியைக் கேளுங்கள். சர்க்கரைக்கு டாபாகிளிஃப்ளோசின் வகை மாத்திரை சாப்பிடுபவர்களை அதையும் 3 நாள் முன்பு நிறுத்தச் சொல்வார்கள். அதைத் திரும்பத் தொடங்காமல் விட்டு, சர்க்கரை ஏறி, அந்தச் சர்க்கரையாலேயே அடுத்த தேதியும் போன ஒருவரை எனக்குத் தெரியும்.

வரிசையில் இருக்கிறோமே என்று வலியை மறைப்பது

இது ரேஷன் கடை வரிசை இல்லை. யாருக்கு ஆபத்து அதிகமோ அவர் முன்னால் போவார். இதயத்தின் இடது பக்க முக்கிய ரத்தக் குழாயில் அடைப்பு உள்ளவரை முன்னால் எடுப்பார்கள்; நேற்று வந்தவராகவே இருக்கலாம். அப்படியென்றால் உங்கள் நிலைமை மாறினால் அவர்களுக்குத் தெரிய வேண்டும். என் கணவர் முதல் தேதியின்போது பஸ் ஸ்டாப்வரை நடப்பார். மூன்றாவது வாரம் தெருமுனையிலேயே நின்றுவிட்டார். வெயில் என்றார். நானும் நம்பினேன். எவ்வளவு தூரம் நடக்க முடிகிறது, மூச்சு வாங்காமல் படுக்க எத்தனை தலையணை வைக்கிறார், காலில் வீக்கம் உண்டா என்று தினமும் ஒரு நோட்டில் எழுதி வைத்திருந்து, மாறினால் உடனே போன் செய்யுங்கள்.

சும்மா உட்கார்ந்திருக்கும்போதே நெஞ்சு வலி வந்தாலோ, நாக்குக்கடியில் வைக்கும் மாத்திரை வைத்து 5 நிமிஷத்தில் குறையவில்லை என்றாலோ 108தான். தேதி அடுத்த வாரம் இருக்கிறது என்று காத்திருக்காதீர்கள். அந்த மாத்திரையை உட்கார்ந்துதான் வைக்க வேண்டும், ரத்த அழுத்தம் இறங்கித் தலைசுற்றும். அட்டையில் காலாவதி தேதியையும் பார்த்துவிடுங்கள்.

காரணம் கேட்காமல் திரும்பி வருவது

அவசர கேஸ், ஐசியு படுக்கை, டாக்டர் இல்லை — இவையெல்லாம் நம் கையில் இல்லை. அதற்காகக் கவுன்ட்டரில் இருக்கும் பெண்ணிடம் சண்டை போட்டுப் பயன் இல்லை. ஹீமோகுளோபின் குறைவு, சர்க்கரை, சளி, சிறுநீரில் கிருமி, சொத்தைப் பல் என்றால் அது நம் வேலை. குறிப்பாக வால்வு மாற்றப் போகிறவர்களுக்குப் பல்லில் இருக்கும் கிருமி ரத்தத்தில் கலந்து புது வால்வில் போய் உட்காரும் ஆபத்து உண்டு. முதல் தேதி கிடைத்த வாரமே பல் டாக்டரிடம் காட்டி முடித்துவிடுங்கள்.

எங்களுக்கு மூன்றாவது தடவை போனது இருமலால். இருமல் தொடங்கியது திங்கள். சொன்னால் தேதி போய்விடுமே என்று மறைத்து, புதன்கிழமை மூன்று மணி நேரம் பஸ்ஸில் போய், மயக்க மருந்து டாக்டர் ஸ்டெதஸ்கோப் வைத்ததும் திரும்பி வந்தோம். முன்பே சொல்லியிருந்தால் அந்த இடத்தில் வேறொருவருக்கு ஆபரேஷன் நடந்திருக்கும். அது இன்னும் என் மனதில் உறுத்துகிறது.

ரத்தம் கொடுப்பவர்கள் எல்லோரையும் முதல் தேதிக்கே கூட்டிப்போவது

ஒருமுறை கொடுத்தால் ஆண்கள் 90 நாளும் பெண்கள் 120 நாளும் காத்திருக்க வேண்டும். தட்டணுக்கள் எடுத்து வைத்தாலும் 5 நாள்தான் இருக்கும். நாங்கள் ஆறு பேரையும் ஒரே நாளில் அழைத்துப் போய்விட்டு, பிறகு தேவைப்பட்டபோது ஆள் தேடி அலைந்தோம். எத்தனை பேர் இப்போது வேண்டும், எத்தனை பேரைக் கைவசம் வைத்திருக்க வேண்டும் என்று ரத்த வங்கியில் கேட்டுவிட்டு அழைத்துப் போங்கள்.

மூன்று பந்து கருவியை ஊதுவது

மூச்சுப் பயிற்சிக்குத் தரும் இந்தக் கருவியை ஊதக் கூடாது. உறிஞ்ச வேண்டும். காத்திருக்கும் நாட்களிலேயே பழகுங்கள்.

தேதியை ஊருக்கெல்லாம் சொல்வது

வேண்டாம். ஒவ்வொரு முறையும் வேன் பிடித்து வந்தவர்களுக்கு நோயாளியே சமாதானம் சொல்லிக்கொண்டிருப்பார்.

காப்பீட்டு ஒப்புதல் அப்படியே இருக்கும் என்று நினைப்பது

முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டமோ தனியார் பாலிசியோ, தேதி மாறியதும் வாங்கிய ஒப்புதல் இன்னும் செல்லுமா என்று காப்பீட்டுக் கவுன்ட்டரில் கேளுங்கள்.

ஒரே ஒரு போன் நம்பர் கொடுப்பது

நம் தேதி ரத்தாகிற மாதிரியே அடுத்தவர் தேதியும் ரத்தாகும். அவருக்குக் காய்ச்சல் என்றால் அந்த இடம் காலியாகி, "நாளைக்கு வர முடியுமா?" என்று நமக்குப் போன் வரும். எங்களுக்கு ஆபரேஷன் நடந்ததே அப்படித்தான். முதல் இரண்டு தடவை கூப்பிட்டபோது என் போன் சார்ஜில் கிடந்தது. மூன்றாவதாக என் நாத்தனார் நம்பருக்குக் கூப்பிட்டார்கள், அவள் எடுத்தாள். ஃபைல், ஆஞ்சியோ சிடி, ஆதார், காப்பீட்டு அட்டை, வேஷ்டி எல்லாம் ஒரே பையில் கட்டிய கட்டு பிரிக்காமல் கதவோரம் இருந்தது. ராத்திரி ஒன்பதே கால் பஸ்ஸைப் பிடித்துவிட்டோம்.