பிள்ளையின் நினைவுக்கு ஒரு கொட்டான்: வீட்டார் சேர்ந்து முடைவது எப்படி?

பிள்ளையைப் பறிகொடுத்த வீட்டில் கொஞ்ச நாளில் அந்தப் பேரையே யாரும் எடுப்பதில்லை. பெற்ற மகளுக்கு வலிக்குமே என்று ஆயா, அதாவது பாட்டி, வாயை மூடிக்கொள்வார். ஆயாவுக்கு வலிக்குமே என்று மகளும் பேசமாட்டாள். என் தங்கை மகள் ஆறு வயதில் போனபோது எங்கள் வீட்டிலும் இதுதான் நடந்தது. பேர் மறுபடி வாயில் வந்தது, எல்லோரும் உட்கார்ந்து அவளுக்காக ஒரு கொட்டான் முடைந்தபோதுதான்.

கொட்டான் என்பது எங்கள் செட்டிநாட்டுப் பக்கத்தில் முடையும் பனையோலைக் கூடை. ஆச்சிமார் வளவில் (வீட்டின் உள்முற்றத்தில்) உட்கார்ந்து பேசிக்கொண்டே முடைவார்கள். விசேஷங்களில் சாமான் வைத்துக் கொடுக்க இதைத்தான் எடுப்போம். செட்டிநாட்டுக் கொட்டானுக்குப் புவிசார் குறியீடும் உண்டு. நாம் செய்யப்போவது பிள்ளையின் சாமான்களை வைக்க மூடி போட்ட சின்னக் கொட்டான். இதுவரை ஓலையைத் தொடாதவர்களும் செய்யலாம்.

தொடங்கும் முன்

பெற்றவளைக் கேட்காமல் ஆரம்பிக்காதீர்கள். அவள் வேண்டாம் என்றால் அப்புறம் பார்க்கலாம். ஒரு வருஷம் கழித்துச் செய்தாலும் தப்பில்லை. முடைய மனமில்லாதவர் சும்மா பக்கத்தில் இருக்கட்டும். எங்கள் வீட்டில் பிள்ளையின் அப்பச்சிக்கு (அப்பாவுக்கு) ஒரு வரிசைகூடப் பின்ன முடியவில்லை. ஆனால் அத்தனை ஓலையையும் கீற்றாக வார்ந்து கொடுத்தவர் அவர்தான்.

1. ஓலை

காய்ந்த பனங்குருத்தோலை வாங்குங்கள். நடுவிலிருக்கும் ஈர்க்கை எடுத்துவிட்டு, 1.5 செ.மீ. அகலத்தில் ஒரே சீரான கீற்றுகளாக வார்ந்துகொள்ளுங்கள். கொட்டானின் அடிப்பாகத்துக்கு 45 செ.மீ. நீளத்தில் 20 ஓலை, சுவருக்கு 66 செ.மீ. நீளத்தில் 7 ஓலை. நீளம் பத்தாவிட்டால் இரண்டை ஒன்றன்மேல் ஒன்று ஏற்றி ஒட்டுப்போடலாம். வெட்டும் வேலை பெரியவர்களுடையது.

நிறத்தைப் பிள்ளைக்குப் பிடித்ததாக எடுங்கள். சாயப்பொடியைக் கொதிநீரில் கரைத்து, நிறம் ஏறும்வரை ஓலையைப் போட்டெடுத்து நிழலில் காயவிடுங்கள். எல்லா ஓலைக்கும் சாயம் ஏற்ற வேண்டாம்; பாதி வெள்ளோலையாக இருந்தால்தான் கட்டம் எடுப்பாகத் தெரியும். முடையும் முன் தண்ணீரில் நனைத்து ஈரத்துணியில் சுற்றி வையுங்கள். காய்ந்த ஓலையை மடக்கினால் ஒடிந்துவிடும்.

2. அடியும் சுவரும்

பத்து ஓலையைப் பக்கம் பக்கமாக வைத்து, குறுக்கே மற்ற பத்தையும் ஒன்று மேலே ஒன்று கீழே என்று கோத்துக்கொண்டே வாருங்கள். ஒவ்வொரு ஓலையையும் நெருக்கித் தள்ளினால் நடுவில் 15 செ.மீ. சதுரம் கிடைக்கும். நான்கு மூலைக்கும் துணி கிளிப் போடுங்கள், இல்லாவிட்டால் பிரிந்துகொண்டே இருக்கும்.

சதுரத்தின் நாலு விளிம்பிலும் ஓலைகளை மேல்நோக்கி மடக்குங்கள். நீள ஓலையை அவற்றினூடே சுற்றிக் கொண்டுவந்து, முடியும் இடத்தில் நாலு ஓலை அளவுக்கு மேலேற்றிச் செருகுங்கள். அடுத்த வரிசையில் மேலே போனது கீழே, கீழே போனது மேலே. மூலையில் இழுத்துப் பிடித்து மடக்கினால் கொட்டான் சதுரமாக நிற்கும். ஆளுக்கு ஒரு வரிசை கொடுங்கள். ஐயாவின் (தாத்தாவின்) வரிசை தளர்ந்திருக்கும், சின்னவனுடையது கோணும். பிரித்துச் சரி செய்யாதீர்கள், யார் கை எது என்று பிறகும் தெரியட்டும்.

3. விளிம்பும் மூடியும்

ஏழு வரிசை முடிந்ததும், கடைசி வரிசையை வெளியிலிருந்து அணைத்து நிற்கும் ஓலைகளை உள்ளே மடக்கிப் பின்னலுக்குள் செருகுங்கள். மற்றவற்றை ஒட்ட நறுக்கி, விளிம்பு முழுக்க ஊசிநூலால் தையுங்கள். மூடியும் இதே கணக்குத்தான். ஓலையை மட்டும் ஒரு மில்லிமீட்டர் கூடுதல் அகலமாக வார்ந்து, சுவர் ஓலையை 71 செ.மீ. நீளத்தில் எடுத்து, மூன்று வரிசையோடு நிறுத்தினால் கொட்டான்மேல் வந்து உட்காரும். குரோஷா (கொக்கி ஊசிப் பின்னல்) தெரிந்த ஆச்சி வீட்டில் இருந்தால் விளிம்புக்கு நூல்பின்னலும் மணியும் அவர் பொறுப்பு.

4. உள்ளே துணி

பிள்ளையின் உடுப்பில் ஒன்றை அறுத்து உள்ளே தைக்கலாம். எதை அறுப்பது என்று பெற்றவள்தான் சொல்ல வேண்டும். இன்னொன்றும் முக்கியம்: கடைசியாகப் போட்ட உடுப்பைத் துவைக்காதீர்கள். துவைத்தால் அந்த வாசனை போய்விடும், திரும்ப வராது. காற்றுப்புகாத உறையில் தனியாக வையுங்கள்.

5. ஓலையில் ஆளுக்கொரு வரி

அகலமான ஓலையில் ஆளுக்கு ஒரு துண்டு கொடுங்கள். மை இல்லாத பால்பாயிண்ட் பேனாவால் அழுத்தி எழுதி, விளக்குக் கரியை நல்லெண்ணெயில் குழைத்துத் தடவித் துடைத்தால் எழுத்து கறுப்பாக எழும்பும். ஏட்டுச்சுவடிக்கும் இப்படித்தான் மை ஏற்றினார்கள். புள்ளி வைக்கும்போது மட்டும் மெதுவாக வையுங்கள், ஓலை பொத்துக்கொள்ளும்.

பெரிதாக எழுத வேண்டியதில்லை. "தோசையில் ஓரத்தை மட்டும் தின்பாள்" என்று எழுதினார் எங்கள் ஆயா. அவள் அண்ணன் எழுதியது: "என் ரப்பரைக் கடித்தாள்." பல் பதிந்த அந்த ரப்பரையும் அவனே கொண்டுவந்து உள்ளே வைத்தான். இந்த வேலையில் அதிகம் விட்டுப்போகிறவர்கள் கூடப்பிறந்த பிள்ளைகள்தான். அவர்களுக்கு ஒன்றும் புரியாது என்று பெரியவர்கள் நினைத்துவிடுகிறோம். தயவுசெய்து அவர்களையும் உட்காரவையுங்கள். தங்கச்சி எங்கே போனாள் என்று கேட்டால், ஊருக்குப் போயிருக்கிறாள் என்று சொல்லாதீர்கள். இறந்துவிட்டாள் என்றே சொல்லுங்கள். இல்லாவிட்டால் திரும்பி வருவாள் என்று வாசலைப் பார்த்துக்கொண்டே இருப்பார்கள்.

முடையும்போது அழுகை வரும். வரட்டும். ஆனால் வாரக்கணக்கில் சாப்பாடு, தூக்கம் இல்லாமலோ, வாழவே பிடிக்கவில்லை என்றோ யாராவது இருந்தால் உடனே ஆலோசனை தேவை. அரசின் மனநல உதவித் தொலைபேசியான டெலி மானஸ் எண் 14416 எந்நேரமும் இலவசம், தமிழிலும் பேசலாம்.

பாதுகாப்பு

ஓலைக்கு எதிரி ஈரம். நன்றாகக் காய்ந்த பிறகுதான் சாமான் வையுங்கள், உள்ளே ஒரு துண்டு வசம்பு போடுங்கள். மழைக்காலம் முடிந்ததும் நிழலில் காற்றாட வைத்து, எழுதிய ஓலைகளில் எலுமிச்சைப்புல் எண்ணெயை மெல்லத் தடவினால் பூச்சி அண்டாது. பீரோவுக்குள் பூட்டாமல், வீட்டுப் பிள்ளைகளுக்குக் கை எட்டும் இடத்தில் வையுங்கள். அவர்கள் திறந்து பார்க்கக் கேட்டால் கூட உட்கார்ந்து திறந்து காட்டுங்கள். புதிதாக எழுத ஆசைப்பட்டால் கொடுக்க, நாலு வெற்றோலையும் அதிலேயே இருக்கட்டும்.