சரிந்ததா, கவிழ்ந்ததா, பாதாளத்துக்கே போனதா? திடீர் இறக்கத்தை எழுதும் முறை

உள்ளூர்ச் செய்தியோ வியாபாரிகள் குழுவுக்கு நிலவரமோ புதிதாக எழுத வந்தவர்களுக்கு இது. சேலத்தில் இருந்துகொண்டு எழுதினால், எதுவோ ஒன்று சடாரென்று இறங்கியதைச் சொல்லவேண்டிய தேவை அடிக்கடி வரும். மரவள்ளிக் கிழங்கு, செவ்வாய்ப்பேட்டை வெள்ளி, மேட்டூர் அணை, ஏற்காட்டு மலைப்பாதை என்று எல்லாவற்றுக்கும் 'கடும் வீழ்ச்சி' என்ற ஒன்றையே போட்டு ஒப்பேற்றுகிறார்கள். படித்துப் படித்து அலுத்துவிட்டது.

படி 1: இறங்கியது பொருளா, எண்ணா?

கண்ணால் பார்க்கிற விழுகை என்றால் நடந்ததை நடந்தபடி எழுதுங்கள். கொண்டை ஊசி வளைவில் லாரி சாலையிலேயே சாய்ந்து கிடந்தால் 'கவிழ்ந்தது'. தடுப்புச்சுவரை இடித்துக்கொண்டு கீழே போனால்தான் 'பள்ளத்தில் பாய்ந்தது'. இரண்டையும் மாற்றி எழுதினால் வண்டியில் போனவரின் வீட்டில் என்ன ஆகும் என்று யோசியுங்கள். 2024 டிசம்பரில், ஃபெஞ்சல் புயல் மழையின்போது ஏற்காட்டுப் பாதையில் நடந்தது மண்சரிவு. மண் சரியும், பாறை உருளும், மரம் சாயும்.

படி 2: வினையைப் பிடியுங்கள்

எண்ணோ மதிப்போ இறங்கினால் இதே வினைகள்தான் வேறு வேலைக்கு வரும். ஆனால் எல்லாம் எல்லாவற்றோடும் ஒட்டாது. விலை சரியும், செல்வாக்கு சரியும், இரண்டும் கவிழா. ஆட்சி கவிழும். பேரரசு வீழும். வியாபாரம் 'படுத்துவிட்டது' என்றால் விழுந்ததோடு எழுந்திருக்கவும் இல்லை என்று பொருள். ஒரு வாரத்தில் மீண்ட விலைக்கு அதைப் போடாதீர்கள்.

படி 3: அடைமொழி (இங்கேதான் வழுக்கும்)

முதலில் 'கிடுகிடு'. கிடுகிடு பள்ளம் என்றால் கீழே பார்க்கவே கால் கூசும் ஆழம். ஆனால் விலைக்கு வந்துவிட்டால் அதே சொல் மேலே ஏறிவிடுகிறது. 'வெள்ளி விலை கிடுகிடு' என்று தலைப்பு வைத்தால் பத்துப் பேரில் ஒன்பது பேர் விலை ஏறிவிட்டது என்றுதான் படிப்பார்கள். இறக்கத்துக்கு இதைத் தொடவே வேண்டாம் என்பது என் கட்சி.

'மளமள' அப்படியில்லை, இரண்டு பக்கமும் போகும். ஆனால் ஒன்றன்பின் ஒன்றாகத் தொடர்வதற்குத்தான் அது பொருந்தும். 2020 டிசம்பர் 19 அன்று அடிலெய்டில் இந்தியா 36 ரன்னில் சுருண்டதே, அன்று விக்கெட்டுகள் மளமளவெனச் சரிந்தன. டெல்டாவுக்குத் தண்ணீர் திறந்திருக்கும்போது, வரத்தும் இல்லையென்றால், 120 அடி மேட்டூர் அணையின் மட்டம் நாள்தோறும் குறையும், அதுவும் மளமளதான். ஒரே அடியில் இறங்கி அங்கேயே நின்றுவிட்டால் 'சட்டென்று' போதும்.

'தலைகீழ்' விழுகையே அல்ல, புரட்டிப்போட்டது. ஏழை பணக்காரனானாலும் நிலைமை தலைகீழ்தான். விழுந்ததைச் சொல்ல 'தலைகுப்புற' இருக்கிறது.

அப்புறம் 'அதலபாதாளம்'. கீழுலகங்கள் ஏழில் முதலாவது அதலம், கடைசி பாதாளம். அதற்குக் கீழே படி கிடையாது. தக்காளி கிலோவுக்கு ஐந்து ரூபாய் இறங்கியதற்கெல்லாம் இதைச் செலவழித்துவிட்டால், 2020 ஏப்ரல் 20 போன்ற ஒரு நாள் வரும்போது கையில் சொல் இருக்காது. அன்று அமெரிக்கக் கச்சா எண்ணெயின் மே மாத ஒப்பந்த விலை பீப்பாய்க்குப் பூஜ்யத்துக்கும் கீழே, மைனஸ் 37.63 டாலரில் முடிந்தது. விற்பவனே கையிலிருந்து பணம் கொடுத்துத் தள்ளிவிட்டான்.

படி 4: எண் கொடுங்கள்

எதிலிருந்து எதற்கு, எத்தனை நாளில்? இது இல்லாத 'கடும் சரிவு' வெறும் சத்தம். மரவள்ளியில் கூடுதல் கவனம் வேண்டும். கிழங்கில் மாவுச்சத்து எவ்வளவு என்று காட்டும் 'பாயிண்ட்' அளவைப் பார்த்துத்தான் விலை வைக்கிறார்கள். போன வாரம் நல்ல பாயிண்ட் கிழங்கு, இந்த வாரம் மழையில் நனைந்த கிழங்கு என்றால் அந்த இரண்டு விலையையும் ஒப்பிட்டுச் 'சரிவு' என்று எழுதக்கூடாது. டன் கணக்கா மூட்டைக் கணக்கா என்பதையும் பாருங்கள்.

சந்தேகம் வந்தால் க்ரியாவின் தற்காலத் தமிழ் அகராதியைப் புரட்டுங்கள். பொருளோடு எடுத்துக்காட்டு வாக்கியமும் தருவதால், எந்தச் சொல் எதோடு சேரும் என்பது உடனே தெரியும். கணினி எடுத்துக்கொடுக்கும் இணைச்சொல் பட்டியலை நான் நம்புவதில்லை; அதற்குக் கவிழ்வதும் சரிவதும் ஒன்றுதான்.

பின்சேர்க்கை

'மளமளவென சரிந்தது' என்பதில் ச் வருமா என்று சிலர் கேட்டிருந்தார்கள். வரும்: மளமளவெனச் சரிந்தது.

ஆத்தூர்ப் பக்கத்திலிருந்து மரவள்ளி போடும் ஒருவர் எழுதியது வேறு மாதிரி: "வெல தானா சரியலைங்க, கொறச்சாங்க." நான் யோசிக்காத இடம் இது. 'சரிந்தது' என்றால் யாரும் எதுவும் செய்யாமல் மழை பெய்கிற மாதிரி நடந்துவிட்டதாக ஆகிறது. கொள்முதல் விலையை யாராவது குறைத்திருந்தால், அது யார் என்று விசாரித்துக் 'குறைத்தனர்' என்றே எழுதுங்கள். வரத்து கூடித் தானாக இறங்கியது என்று உறுதியானால் மட்டும் 'சரிந்தது'. படி 2-க்கு முன்னால் இதைச் சேர்த்துப் படித்துக்கொள்ளுங்கள்.